8900சி விஜிஏ கார்டை 1 எம்பி ஆக்கினேன். திரையில் புள்ளிக் கோடுகள். உதவி தேவை

குடந்தை_அச்சகம்:
வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்தில் அப்பா டிடிபி கடை வைத்திருந்த காலத்து 486 கணினி இன்னும் ஓடுகிறது. அவர் வடிவமைத்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் விண்டோஸ் 3.1-இல் பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகளாக அதில் இருக்கின்றன. அந்தக் கால எழுத்துருவோடு அப்படியே திறப்பது அதில்தான்.

ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் (மதர்போர்டின் பழைய வகைச் செருகுமிடம்) ட்ரைடென்ட் 8900சி கார்டு, திரைக்குப் படம் அனுப்புவது. எட்டு சாக்கெட்டில் நான்கில்தான் மெமரி சிப் இருந்தது, 512 கேபி. 1024×768-இல் 256 வண்ணம் வர 7,86,432 பைட் வேண்டுமே. பழுதான இன்னொரு கார்டில் எட்டு 44256 மெமரி சிப் இருந்தன. அதில் நான்கைக் கழற்றிப் போட்டேன். ஆன் செய்ததும் 1024கே என்று காட்டுகிறது. ஆனால் விண்டோஸில் திரை முழுக்கச் சீரான இடைவெளியில் மேலிருந்து கீழாகப் புள்ளிக் கோடுகள். புதியதைக் கழற்றினால் படம் சுத்தம். பழைய சிப்பில் -8, புதியதில் -7 என்று இருக்கிறது. அதுதான் காரணமா?

மன்னை_சர்க்யூட்:
இல்லை தம்பி. -8 என்றால் 80 நானோ செகண்ட், -7 என்றால் 70. எண் குறைந்தால் வேகம் அதிகம். வேகமானதைச் சேர்க்கலாம், -10 போட்டிருந்தால்தான் கவலை.

ஒரு 44256 சுமப்பது நான்கு பிட்தான். ஒன்று சரியாக வேலை செய்யாவிட்டால் அந்த நான்கு பிட் மட்டும் தப்பும், அதனால்தான் கோடு சீராக வருகிறது. எனக்குச் சந்தேகம் சாக்கெட் மேல். இத்தனை வருஷம் காலியாகக் கிடந்திருக்கிறது, நம்ம பக்கம் ஐப்பசி வந்தால் காற்றே ஈரம். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், தகடு கறுத்திருக்கும்.

மொபைல் கடைகளில் ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) கிடைக்கும். பிரஷ்ஷில் தொட்டு சாக்கெட்டைத் துடைத்து, சிப்பைச் சில தடவை செருகி எடுங்கள், உரசலிலேயே கறுப்பு போகும். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். சிப்பைத் தொடுவதற்கு முன்னால் கேபினட்டின் உலோகத்தில் கை வையுங்கள், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கட்டும்.

ஐயாறு_486:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. சிப்பின் பள்ளமும் சாக்கெட்டின் பள்ளமும் ஒரே பக்கம் இருக்கட்டும். 10-ஆவது காலில் 5 வோல்ட், 20-இல் கிரவுண்ட். திருப்பிப் போட்டால் இரண்டும் இடம் மாறி சிப் போய்விடும். அப்புறம், எடுக்கும்போது ஒரே பக்கமாக நெம்பாதீர்கள். இரு முனையிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள்.

குடந்தை_அச்சகம்:
அண்ணே, நீங்கள் சொன்னபடியே தகடு கறுத்துத்தான் இருந்தது. துடைத்த பஞ்சு கருப்பாக வந்தது. கோடுகள் பாதி குறைந்துவிட்டன, இன்னும் கொஞ்சம் இருக்கின்றன.

மன்னை_சர்க்யூட்:
நல்லது. இனி மின்சாரத்தை அணைத்துவிட்டு, புதிய சிப் ஒன்றையும் பக்கத்துச் சிப்பையும் இடம் மாற்றுங்கள். கோடும் நகர்ந்தால் சிப் பழுது. கோடு அங்கேயே நின்றால் சாக்கெட். அதன் சாலிடரைப் பின்பக்கம் பார்க்க வேண்டும். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும்.

குடந்தை_அச்சகம்:
நகர்ந்தது! அந்தச் சிப்பை எடுத்துவிட்டு மீதமிருந்ததில் ஒன்றைப் போட்டேன். இப்போது 1024×768, 256 வண்ணம், ஒரு புள்ளிகூட இல்லை. பத்திரிகையின் பார்டர் கோலம் ஓரம் வெட்டாமல் முழுசாகத் தெரிகிறது. ரொம்ப நன்றி அண்ணே, ஐயாறு சாருக்கும் நன்றி.

ஐயாறு_486:
மகிழ்ச்சி. மூடுவதற்கு முன் மதர்போர்டைப் பாருங்கள். நீல உருளை பேட்டரி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது நிக்கல் காட்மியம், கசிந்தால் செப்புப் பாதையை அரித்துவிடும். பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும் நிரல்) அமைப்புகளை, முக்கியமாக ஹார்ட் டிஸ்க்கின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை, முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி போனால் அவையும் அழிந்துவிடும். அப்பாவின் கோப்புகளுக்கும் இப்போதே நகல் எடுங்கள்.