ஃபோர்க் ஆயில் சீல் மாத்தியும் மறுபடி லீக்: டீலர் சர்வீஸ்ல எப்படிக் கேட்டு வாங்குறது?

கடலோரம்_150

வணக்கம். 150 சிசி வண்டி, முன்னாடி சாதா டெலஸ்கோபிக் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்குற ரெண்டு ஷாக் கால்கள்), டிஸ்க் இடது பக்கம். வாரன்டி முடிஞ்சாச்சு. கம்பெனி டீலர் சர்வீஸ்ல ரெண்டு பக்கமும் ஆயில் சீல் (உள்ள இருக்கிற எண்ணெய் வெளிய வராமத் தடுக்கிற ரப்பர் வளையம்) மாத்தினாங்க. பில்லுல சீல் 2, ஃபோர்க் ஆயில், லேபர் மூணும் இருக்கு. டஸ்ட் சீல் (அதுக்கு மேல மண்ணைத் தடுக்கிற வளையம்) இல்லை. இப்ப இடது பக்கம் மறுபடி எண்ணெய் வழியுது. கூடவே ஹேண்டில் லேசா இடது பக்கம் இழுக்குது, வேலைக்கு முன்னாடி அது கிடையாது.

கேட்டா "சென்னை ரோடு சார், பள்ளத்துல விட்டிருப்பீங்க, ஃபோர்க் பைப்பே மாத்தணும்"னு மறுபடி முழு எஸ்டிமேட் குடுக்குறாங்க. வண்டி நிக்குறது திருவான்மியூர், கடல் பக்கம். டீலர்கிட்ட சண்டை போட விருப்பம் இல்லை, மத்த வேலைக்கும் அங்கதான் போகணும். அவங்க சொல்றது நிஜமான்னு எப்படிப் பார்க்கிறது? எதை இலவசமா செஞ்சு தரச் சொல்லலாம், எதுக்கு நாம காசு குடுக்கறது நியாயம்?

ஸ்பேனர் 14

முதல்ல ஒண்ணு. எண்ணெய் டிஸ்க்ல, பேட்ல பட்டிருக்கான்னு இன்னைக்கே பாருங்க. பட்டிருந்தா வண்டியை எடுக்காதீங்க. எண்ணெய் குடிச்ச பேடை பெட்ரோல் ஊத்திக் கழுவுறது, எமரி போடுறது எல்லாம் வேலைக்காகாது, மாத்தியே ஆகணும். டிஸ்க்கை மட்டும் பிரேக் கிளீனர் போட்டுத் துடைச்சாப் போதும்.

அடுத்து, எண்ணெய் எங்கிருந்து வருதுன்னு தெரியணும். முழுசாத் துடைச்சுட்டு கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்க. டஸ்ட் சீலுக்கு மேல இருக்கிற குரோம் பைப்புல வளையமா நின்னு கீழ வழிஞ்சா ஆயில் சீல். மேல காஞ்சு இருந்து, ஆக்ஸில் பக்கத்துல அடியில மட்டும் ஈரம்னா, அது அடி ஆலன் போல்ட்டோட காப்பர் வாஷர். பழைய வாஷரையே திரும்பப் போட்டா இப்படி வரும். அது முழுக்க முழுக்க கழட்டி மாட்டினவங்க தப்பு, ரோடுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

மேலதான்னா காரணம் ரெண்டு வகை: பைப்புல இருக்கிற குறை, வேலையில நடந்த குறை.

பைப்பைப் பார்க்க, முதல்ல சீல் எவ்வளவு தூரம் மேல போகுதுன்னு தெரியணும். ஒரு கேபிள் டையை பைப்புல சுத்தி டஸ்ட் சீலை ஒட்டி இறக்கி வைங்க. வழக்கமா ஓட்டுற ரோட்டுல ஒரு சுத்து போனா, டை எங்க நிக்குதோ அதுதான் எல்லை. அதுக்குக் கீழ இருக்கிற பைப்பை நல்லாத் துடைச்சு, பஞ்சை லேசா வச்சு மேலயும் கீழயும் சுத்தி இழுங்க. நூல் எங்க மாட்டுதோ அங்க குழி இருக்கு. நகத்தாலயும் உணரலாம். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக்காத்துல குரோம்ல பொட்டுப் பொட்டா துரு வரும், அந்த விளிம்பு புது சீலோட உதட்டைச் சீக்கிரமே அறுத்துடும். டை நின்ன இடத்துக்கு மேல இருக்கிற துருவால லீக் வராது. அதைக் காட்டி "பைப் மாத்தணும்"னு சொன்னா ஒத்துக்காதீங்க.

குழி நிஜமாவே எல்லைக்குள்ள இருந்தா பைப் செலவு உங்களோடது. ஆனா அதுலயும் டீலர் பக்கம் ஒரு கேள்வி இருக்கு: கழட்டின அன்னைக்கே கையில வச்சிருந்த பைப்புல குழி கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணும், அப்ப ஏன் சொல்லலை? தெரிஞ்சும் சீல் மாட்டியிருந்தா அந்த லேபர் வீண், அதைத் திரும்பக் கேட்கலாம்.

பைப் சுத்தமா இருந்தா வேலைதான் தப்பு. வழக்கமா நடக்கிறது இதெல்லாம். சீலை உள்ள இறக்க டிரைவர் கருவி இல்லாம ஸ்க்ரூட்ரைவரால தட்டியிருப்பாங்க, பாட்டம் கேஸோட (பைப் உள்ள இறங்குற கீழ்க்கூடு) உள்சுவர்ல கோடு விழுந்து சீலோட வெளிப்பக்கமா கசியும். பைப்போட மேல்முனை கூரா இருக்கும், அதுல பிளாஸ்டிக் கவர் சுத்தாம, உதட்டுல ஃபோர்க் ஆயில் தடவாம சீலைச் செருகினா உதடு அப்பவே கிழியும். சீலுக்கு மேல உக்கார்ற லாக் வளையம் காடியில சரியா விழலைன்னா சீல் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி வரும். எண்ணெய் அளவு கூடினாலும் இதே கதிதான்: மேல இருக்க வேண்டிய காத்துக்கு இடம் குறைஞ்சு, பள்ளத்துல அமுங்கும்போது அழுத்தம் ஏறி சீலைத் தள்ளும். அளவு மாடலுக்கு மாடல் மாறும், அதனால சர்வீஸ் மேனுவல்ல இருக்கிற மில்லியைக் காட்டச் சொல்லுங்க. ரெண்டு கால்லயும் ஒரே அளவு, ஒரே கிரேடு. கண்மட்டத்துக்கு டப்பாவுல இருந்து ஊத்துறது வேலையே இல்லை.

டஸ்ட் சீல் பில்லுல இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, எனக்கு முதல் சந்தேகம் அங்கதான். பழசு கெட்டியாகி விரிஞ்சு போயிருக்கும், மண்ணும் மழைத்தண்ணியும் நேரா ஆயில் சீல் மேல போய் உக்காரும். சின்னக் காசு பொருள். அதை மிச்சம் பிடிச்சு வேலையைக் கெடுத்துக்குறாங்க.

இடது பக்கம் இழுக்கிறது தனி விஷயம் மாதிரி தெரியும், ஆனா அதே வேலையோட மிச்சம். ஃபோர்க்கை டி-ஸ்டெம் கிளாம்ப்ல (ஹேண்டிலுக்குக் கீழ ரெண்டு பைப்பையும் பிடிச்சிருக்கிற கவ்வி) திரும்ப ஏத்தும்போது ரெண்டு பைப்பும் ஒரே உயரத்துல நிக்கணும். அப்புறம் ஆக்ஸில் நட்டை டைட் பண்ணிட்டு, முன் பிரேக்கைப் பிடிச்சு ஹேண்டிலை நாலஞ்சு தடவை நல்லா அமுக்கணும், கால்கள் தானா நேராகி உக்காரும். பின்ச் போல்ட் (ஆக்ஸிலைக் கவ்விப் பிடிக்கிற போல்ட்) இருக்கிற மாடல்ல அதுக்கு அப்புறம்தான் அதை இறுக்கணும். இதைச் செய்யலைன்னா ரெண்டு காலும் ஒண்ணையொண்ணு நெருக்கிட்டு நிக்கும். ஃபோர்க் ஒட்டி ஒட்டி இறங்கும், ஒரு பக்கச் சீல் சீக்கிரம் தேயும், வண்டியும் இழுக்கும். சரி பண்ண பார்ட் எதுவும் தேவையில்லை, கிளாம்ப் போல்ட்டையும் ஆக்ஸிலையும் தளர்த்தி மறுபடி வரிசையா டைட் பண்ணினாப் போதும். இதுக்கு யாரும் காசு கேட்கக்கூடாது.

பைப் வளைஞ்சிருக்குன்னு சொன்னா மட்டும் கழட்டி வி-பிளாக்ல (V வடிவத் தாங்கி) டயல் கேஜ் (வளைவை அளக்கிற மீட்டர்) வச்சுக் காட்டச் சொல்லுங்க. கண்ணால பார்த்துச் சொல்றதை நம்ப வேண்டாம்.

மனு எழுதுபவர்

தொழில்நுட்பம் மேலே வந்துவிட்டது. பேச்சுவார்த்தை பக்கத்தை நான் சொல்கிறேன்.

சனிக்கிழமையும் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரமும் போகாதீர்கள். செவ்வாய், புதன் காலையில் கடை திறந்ததும் போனால் சர்வீஸ் அட்வைசருக்குக் (வண்டியை வாங்கி வேலையை எழுதுபவர்) காது கொடுக்க நேரம் இருக்கும். புது ஜாப் கார்டு (செய்ய வேண்டிய வேலையை எழுதும் சீட்டு) போடச் சொல்லி, அதில் பழைய பில் எண்ணைக் குறித்து "மறுவேலை" என்று எழுத வையுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று போட்டால் அது புது வேலையாகிவிடும், பில்லும் புதிதாக வரும். குறையை எழுதும்போது காரணம் எழுதாதீர்கள், அறிகுறியை மட்டும் எழுதுங்கள்: "இடது ஃபோர்க் மேல் சீலில் எண்ணெய்க் கசிவு. ஹேண்டில் இடதுபுறம் இழுக்கிறது. இரண்டும் இந்த பில் எண் வேலைக்குப் பிறகு வந்தவை." கிலோமீட்டர் அளவு, தேதி, கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் சாவியைக் கொடுப்பது.

கழற்றுவதற்கு முன் உங்களைக் கூப்பிட வேண்டும், பழைய சீல்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற இரண்டையும் அதே கார்டில் சேருங்கள். கிழிந்த உதட்டையோ குழி விழுந்த பைப்பையோ இருவரும் ஒன்றாகப் பார்த்துவிட்டால் பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அட்வைசர் மறுத்தால் குரலை உயர்த்திப் பயனில்லை, இலவச மறுவேலைக்கு அனுமதி தரும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருக்காது. ஒர்க்ஸ் மேனேஜர், பிறகு சர்வீஸ் மேனேஜர், அதற்குப் பிறகு கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர். டீலர் தனி வியாபாரம், கம்பெனி வேறு. கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் பதிந்து டிக்கெட் எண் வாங்கினால் கேள்வி மேலிருந்து வரும், டீலருக்கு அதுதான் உறைக்கும். போனில் பேசியதையெல்லாம் அன்றே இரண்டு வரியில் மின்னஞ்சல் செய்துவிடுங்கள்: "இன்று பேசியபடி, வெள்ளிக்குள் மறுவேலை செய்து தருவதாகச் சொன்னீர்கள்."

ஒரு எச்சரிக்கை. வேலை முடிந்தபின் பில்லைக் கட்டாமல் மறுத்து நிற்காதீர்கள். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170-இன்படி, உழைப்போ திறமையோ செலுத்தி ஒரு பொருளில் வேலை செய்தவர், கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்திருக்கலாம். ஆகவே பில்லின் மேல் "ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது" என்று எழுதி, கட்டி, வண்டியை எடுத்துவந்து பிறகு கேட்பது நல்லது.

அதன் பிறகும் அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்பவர்கள் இல்லை, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். இந்த மாதிரித் தொகைக்குப் பெரும்பாலும் அதுவே போதும். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஃபோர்க் சீலுக்காக அங்கே போவது அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் பிரேக்கில் எண்ணெய் இறங்கி விபத்து ஏதும் நடந்திருந்தால் கணக்கே வேறு.

கடலோரம்_150

ரெண்டு பேருக்கும் நன்றி. கேபிள் டை வச்சுப் பார்த்தாச்சு, எல்லைக்குள்ள இடது பைப்புல ஒரே ஒரு பொட்டு பஞ்சுல மாட்டுது, வலது சுத்தம். இதுக்கு முழு பைப் மாத்தணுமா? புதுப்பேட்டையில பழைய பைப் கிடைக்கும்னும், ஹார்டு குரோம் (பைப் மேல புது குரோம் பூச்சு) போட்டுக்கலாம்னும் சொல்றாங்க.

ஸ்பேனர் 14

ஒரே பொட்டுன்னா 2000 நம்பர் வாட்டர் பேப்பரை எண்ணெயில நனைச்சு, விளிம்பை மட்டும் குறுக்குவாட்டுல தேய்ச்சு மழுக்கலாம். குழி போகாது, ஆனா சீலை அறுக்கிற கூர் போயிடும். இது தற்காலிகம், உப்புக்காத்துல மறுபடி பெருசாகும். நிரந்தரமா வேணும்னா அந்த இடது பைப் மட்டும் புதுசு, வலது அப்படியே இருக்கட்டும். சீலும் டஸ்ட் சீலும் மட்டும் ரெண்டு பக்கமும்.

குரோம் போடுறவங்க போட்ட பிறகு பழைய விட்டத்துக்கே கிரைண்டிங் பண்ணித் தரணும். வெறும் பாலிஷோட குடுத்தா பைப் தடிச்சுப்போய் சீலைத் தின்னும். சின்ன வண்டி பைப்புக்கு அந்தச் செலவு போட்டா புது பைப் விலைக்குப் பக்கத்துல வந்துடும். பழைய பைப் வாங்கினா நேரா இருக்கான்னு கண்ணாடி மேல உருட்டிப் பார்க்காம வாங்காதீங்க. புதுசுக்கு ஜிபி ரோடுல விசாரிக்கலாம், ஆனா நீங்களே கொண்டுபோன பார்ட்டைப் போட்டா டீலர் வேலைக்குப் பொறுப்பு எடுக்க மாட்டார். இந்தக் கேஸுல பைப்பையும் அவர்கிட்டயே பில்லோட வாங்குங்க.

கணக்கை டீலர்கிட்ட இப்படிக் கேளுங்க: பைப் விலை என்னோடது. சீல் 2, ஃபோர்க் ஆயில், லேபர் உங்களோடது, ஏன்னா பொட்டை அன்னைக்கே சொல்லலை. டஸ்ட் சீல் 2 நான் தர்றேன், முதல்லயே மாத்தியிருந்தா குடுத்திருப்பேன். அலைன்மென்ட் இலவசம். பேட்ல எண்ணெய் பட்டிருந்தா பேடும் உங்க கணக்கு.

அண்ணாநகர் ரைடர்

தலைவரே, கணக்கு பக்கா. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கோங்க: டெலிவரி எடுக்கும்போது அங்கேயே மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி, அப்புறம் நீங்க ஓட்டிப் பாருங்க. நேரான ரோட்டுல 30, 40 கிலோமீட்டர் வேகத்துல பிடியை லேசா வச்சாலே இழுக்குதா இல்லையான்னு தெரியும், கையை முழுசா விட வேண்டாம். டயர் காத்து முன்னயே சரியா இருக்கணும், இல்லைன்னா அதைச் சாக்காச் சொல்வாங்க.

மனு எழுதுபவர்

புதுப் பில்லில் பைப்பின் பார்ட் எண்ணும், "முந்தைய பில்லின் மறுவேலை, லேபர் இலவசம்" என்ற வரியும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மறுவேலைக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்று கேட்டு அதையும் அங்கேயே எழுதச் சொல்லுங்கள். பில்லுக்குப் பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் நாள் கணக்கு முதல் பில்லிலிருந்தா, இந்தப் பில்லிலிருந்தா என்பதுதான் பிற்பாடு தகராறாகும்.