‘காசாபிளாங்கா’வின் முடிவு பெர்க்மனுக்குத் தெரியுமா, தெரியாதா?

பழையசுருள்:
பழைய ஹாலிவுட் காதல் படங்களை மக்கள் ஏன் இன்னும் விரும்பிப் பார்க்கிறார்கள் என்ற இழையில் நண்பர் மாலைக்காட்சி நேற்று ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். ‘காசாபிளாங்கா’ எண்பது ஆண்டுகளைத் தாண்டியும் நிற்பதற்குக் காரணம் வெறும் தற்செயலாம். நாயகி இல்சா கணவனோடு விமானம் ஏறுவாளா, பழைய காதலன் ரிக்கோடு ஏறுவாளா என்பது கடைசி நாள் வரை படப்பிடிப்பில் ஒருவருக்கும் தெரியாதாம். அந்தக் குழப்பம்தான் இல்சாவாக நடித்த இங்க்ரிட் பெர்க்மனின் முகத்தில் காதலாகத் தெரிகிறதாம். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 1934 முதல் ஹாலிவுட்டில் தணிக்கை நெறிமுறை கறாராக அமலில் இருந்தது. கணவன் உயிரோடு இருக்கும்போது மனைவி காதலனோடு போய்விடுவதாக ஒரு படத்தை முடிக்க அந்த நெறிமுறையை அமல்படுத்திய ஜோசஃப் பிரீனின் அலுவலகம் 1942இல் விட்டிருக்குமா? அதுவும் போகட்டும். முர்ரே பர்னெட்டும் ஜோன் அலிசனும் எழுதி மேடையேறாமல் கிடந்த மூல நாடகத்திலேயே ரிக் அவளைக் கணவனோடு அனுப்பிவிட்டுத் தான் பிடிபடுகிறான். அந்த நாடகத்தை வார்னர் நிறுவனம் 20,000 டாலர் கொடுத்து வாங்கியது, முடிவையும் சேர்த்துத்தான்.

மாலைக்காட்சி:
எனக்காகத் தனி இழையே திறந்திருக்கிறீர்கள், மிக்க மகிழ்ச்சி. ஆனால் இதை நான் சொல்லவில்லை, பெர்க்மனே தம் தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். இருவரில் யாரை நான் காதலிக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, இன்னும் முடிவாகவில்லை, நடுவில் நின்று நடியுங்கள் என்றுதான் அவருக்குப் பதில் கிடைத்தது. நடித்தவரின் வாக்குமூலத்தைவிட உங்கள் ஊகம் பெரிதா?

பழையசுருள்:
யாரைக் காதலிப்பது என்பது ஒரு கேள்வி, யாருடன் போவது என்பது வேறு கேள்வி. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பாதிப் பேர் இணையத்தில் திரைப்பட வரலாறு எழுதுகிறார்கள். திரைக்கதை எழுதிய எப்ஸ்டைன் சகோதரர்களும் ஹோவர்ட் காட்சும் மண்டையை உடைத்துக்கொண்டது, அவள் போவாளா மாட்டாளா என்பதற்காக அல்ல. ரிக்கை இவ்வளவு நேசிக்கும் ஒருத்தியைப் பார்ப்பவர் நம்பும்படி எப்படி விமானத்தில் ஏற்றுவது என்பதற்காக. படப்பிடிப்பு 1942 மே 25 அன்று தொடங்கி ஆகஸ்ட் 3 அன்று முடிந்தது. விமான நிலையக் காட்சி ஜூலையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. கடைசி நாள் என்று எதைச் சொல்கிறீர்கள்?

நிலவொளி:
ஐயா, தேதிகளை அடுக்கினால் வாதம் வென்றுவிட்டது என்று பொருளாகாது. பியானோ வாசிக்கும் சாமிடம் அந்தப் பழைய காதல் பாட்டை வாசிக்கச் சொல்லிவிட்டு இல்சா கேட்டுக்கொண்டிருக்கும் காட்சியை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். உதடுகள் லேசாகத் திறந்திருக்கின்றன, கண்ணில் ஒளிப்புள்ளி மின்னுகிறது, அவள் எதையும் பார்க்கவில்லை. அது தெளிவான மனத்தோடு இருக்கும் பெண்ணின் முகமா? அவருக்கு முடிவு தெரியாது என்று நான் நம்புகிறேன், அதில் அவருக்கு எந்த இழுக்கும் இல்லை.

பழையசுருள்:
அம்மா, இழுக்கு இருக்கிறது. ஒரு நடிகை பிரமாதமாக நடித்தால், அவருக்கு ஒன்றும் தெரியாது, அதனால் தானாக அப்படி வந்துவிட்டது என்கிறீர்கள். ரிக்காக நடித்த போகார்டைப் பற்றி யாராவது அப்படிச் சொல்கிறார்களா? பாரிஸ் நினைவுக் காட்சிகள்தான் படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டவை. இறந்துவிட்டதாக நினைத்த கணவன் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தியை மறைத்துக்கொண்டு அவள் ரிக்கை முத்தமிட வேண்டும். அது தாளில் இருந்த குழப்பம், அதைத் தெரிந்தே நடித்தார்.

கடைசிவரிசை:
பெரியவர்கள் சண்டையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பெர்க்மன் உயரமானவர் என்பதால் போகார்டின் காலணிக்கு அடியில் கட்டை வைத்தார்கள், கடைசிக் காட்சியின் விமானம் வெறும் அட்டை, அது பெரிதாகத் தெரியக் குள்ளமானவர்களை அருகில் நிற்க வைத்தார்கள், எல்லாவற்றையும் பனிப்புகை மூடியது. காதலரும் கட்டையின்மேல், விமானமும் அட்டையில் என்றான பிறகு முடிவு யாருக்குத் தெரிந்தால் என்ன? நான் முதலில் பார்த்தது வண்ணம் பூசிய பிரதிதான், எனக்கு நன்றாகவே இருந்தது.

பழையசுருள்:
வண்ணம் பூசிய பிரதி! 1988இல் டெட் டர்னரின் நிறுவனம் செய்த அந்த அட்டூழியத்தை நன்றாக இருந்தது என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? அந்தப் படத்தில் நிழல்தான் பாதி வசனம் பேசுகிறது. மீசை வைத்த மோனலிசாவை ரசித்தவரிடம் நான் என்ன பேசுவது?

கடைசிவரிசை:
பேசாமல் இருந்தால் நல்லதுதான். ‘கான் வித் த விண்ட்’ இழையில், இயக்குநர் ஜார்ஜ் க்யூக்கரைப் பாதியில் நீக்கிவிட்டு விக்டர் ஃபிளெமிங்கைக் கொண்டுவந்தார்கள் என்று நான் எழுதியபோது, ‘எல்லோருக்கும் தெரிந்த செய்தி’ என்று என்னை வெட்டிவிட்டீர்கள். இன்று நீங்கள் எழுதும் பிரீன் கதை மட்டும் யாருக்கும் தெரியாத செய்தியோ?

நிலவொளி:
இருவரும் படத்தின் உயிரை விட்டுவிட்டீர்கள். பிரெஞ்சு தேசிய கீதமான ‘லா மார்செய்யேஸ்’ பாடும் காட்சியில் கண்ணீர் வழியப் பாடும் மடலேன் லபோ, 1940இல் கணவர் மார்செல் டாலியோவோடு பிரான்ஸை விட்டுத் தப்பியவர். டாலியோவும் அதே படத்தில் சூதாட்ட மேசை ஊழியராக வருகிறார். நாஜி அதிகாரியாக நடித்த கொன்ராட் வைட்டே நாஜிகளுக்கு அஞ்சி ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். இவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையின் முடிவே தெரியாது. அந்த நிச்சயமின்மை படம் முழுவதும் இருக்கிறது, பெர்க்மனின் முகத்திலும் இருக்கிறது.

மாலைக்காட்சி:
சகோதரி சரியாகச் சொன்னார். நிச்சயமின்மை. நடுவில் நின்று நடியுங்கள் என்றார்கள், அவர் நடித்தார், நாம் பார்க்கிறோம். 1957இல் போகார்ட் இறந்த பிறகு, ஹார்வர்டு மாணவர்கள் தேர்வு நேரத்தில் பிராட்டில் திரையரங்கில் கூடி வசனங்களைக் கூடவே ஒப்பித்தது தணிக்கை நெறிமுறையை வியந்தா? 2002இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வெளியிட்ட 100 காதல் படங்களின் பட்டியலில் இது முதலிடம் பெற்றது பிரீனின் புண்ணியத்திலா?

பழையசுருள்:
ஆம், ஒரு வகையில் பிரீனின் புண்ணியத்தில்தான். ரிக்கின் அறையில் அவள் துப்பாக்கியை நீட்டுகிறாள், சுட முடியாமல் உடைந்துபோகிறாள், முத்தம், உடனே விமான நிலையக் கோபுரத்தின் சுழலும் விளக்கு, மறுபடி அறை, ரிக் சாளரத்தருகே புகைத்துக்கொண்டு நிற்கிறான். இடையில் என்ன நடந்தது என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் காட்ட விட்டிருந்தால் இந்தப் பேச்சு எழுந்திருக்குமா? முன்கூட்டியே பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எழுதியவர்களின் திறமை அது. அதைத் தற்செயல் என்று சொல்லாதீர்கள். நிலவொளி சொன்ன அகதிகள் பற்றிய செய்தி உண்மை, ஆனால் நம் கேள்விக்கு அது பதில் இல்லை.

நிலவொளி:
நம் கேள்வி என்ன என்பதையும் நீங்கள்தான் தீர்மானிப்பீர்களா? தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறேன்.

மாலைக்காட்சி:
கதவு பூட்டியிருந்தது சரி. அது பெர்க்மனுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. தெரியாது என்று அவரே எழுதியிருக்கிறார்.

பழையசுருள்:
ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து எழுதினார். நட்சத்திரங்களின் நினைவு எப்போதும் நல்ல கதையின் பக்கமே சாயும்.

மாலைக்காட்சி:
ஆக பெர்க்மனைவிட அவருடைய மனம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். அருமை.

கடைசிவரிசை:
இடைவேளை விடுவோமா? ‘ரோமன் ஹாலிடே’யில் ஆட்ரி ஹெப்பர்ன் கடைசியில் கிரெகரி பெக்கை விட்டுப் போவார் என்பது ஹெப்பர்னுக்காவது தெரியுமா?

பழையசுருள்:
அதற்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள், அதன் கதையை எழுதிய டால்டன் ட்ரம்போவின் பெயர் மறைக்கப்பட்டதிலிருந்து அங்கே வந்து தொடங்குகிறேன். இங்கே மாலைக்காட்சி ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும்: விமான நிலையக் காட்சியை ஜூலையில் எடுத்து முடித்த பிறகும் ஆகஸ்ட் 3 வரை படப்பிடிப்பு நடந்ததே, அந்த நாட்களிலும் அவருக்கு முடிவு தெரியாதா?

மாலைக்காட்சி:
நடுவில் நின்று நடியுங்கள் என்றார்கள் ஐயா. நான்காவது முறை தட்டச்சு செய்ய எனக்கு நேரமில்லை.