பேய் வீடு என்று பெயரெடுத்த வீட்டை வாங்கலாமா?

அரசலாற்றங்கரை:
கும்பகோணம் பக்கம் பழைய நாட்டு ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. திண்ணை, முற்றம், கொல்லையில் கிணறு எல்லாம் உண்டு. அந்தத் தெருவில் போகிற விலையில் பாதிதான் சொல்கிறார்கள். அந்த வீட்டு மருமகள் கிணற்றில் விழுந்து இறந்துபோனாராம். அப்புறம் குடிவந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. ராத்திரியில் பரண் மேல் காலடிச் சத்தம், அடுப்பே பற்றவைக்காமல் சோறு வேகிற வாசனை. "அவ இன்னும் உலை வைக்கிறா" என்கிறார் எதிர்வீட்டுப் பாட்டி. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மா அந்த வாசல்படியையே மிதிக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?

ஓய்வூதியர்:
தம்பி, நீங்கள் நம்பாவிட்டால் சரி. நாளைக்கு உங்களிடம் வாங்க வருகிறவன் நம்புவான், அவனும் பாதி விலைக்குத்தான் கேட்பான். வாடகைக்கும் ஆள் வராது. கடைசிவரை நாமே குடியிருப்போம் என்றால் மட்டும் யோசியுங்கள்.

பின்கட்டு:
சோறு வேகிற வாசனை என்றதுமே சிரித்துவிட்டேன். அது மரநாய். பகலெல்லாம் பரணில் தூங்கும், இருட்டியதும் விட்டத்தின் மேல் நடக்கும். கீழே படுத்திருப்பவருக்கு ஆள் நடப்பது போலவே கேட்கும். அதன் உடம்பிலிருந்து வருவது பாசுமதி அரிசி வேகிற மணம். மன்னார்குடியில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மாமியார் வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தார், மரநாய் அசையவே இல்லை. பகலில் டார்ச்சோடு ஏறிப் பாருங்கள். எச்சம் கிடக்கும், அதில் பப்பாளி விதையும் ஈச்சங்கொட்டையும் முழுசு முழுசாக இருக்கும். குட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ராத்திரி அது இரைதேடிப் போனபிறகு ஓடு விலகிய இடத்தை அடைத்துவிடுங்கள். அடிக்காதீர்கள், பொறியும் வைக்காதீர்கள். 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற விலங்கு, வனத்துறையிடம் சொன்னால் போதும். புஸ்ஸென்று சீறும் சத்தமும் கேட்டால் அது கூகை என்கிற ஆந்தையின் குஞ்சு. எலி பிடிக்கும், நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

அந்தப் பெண் இறந்தது மட்டும்தான் இதில் நிஜம். ஏன் விழுந்தாள் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. உலை வைக்க மட்டும் இன்னும் கூப்பிடுகிறார்கள்.

பத்திர எழுத்தர்:
வில்லங்கச் சான்று என்பது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். அதில் பேய் வராது, வாரிசுச் சண்டையும் பெரும்பாலும் வராது. பாதி விலை என்றால் முதலில் வாரிசுகளை எண்ணுங்கள். உயில் எழுதாமல் இறந்தவர் சொத்தில் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, தாய், மகன் எல்லோருக்கும் பங்கு உண்டு, கட்டிக்கொடுத்த மகளுக்கும் உண்டு. தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ், பட்டா மூன்றையும் வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பேய்க் கதையைப் பரப்புவது பங்காளியா என்றும் விசாரியுங்கள். வாங்க வருகிறவனை விரட்ட இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது.

அரசலாற்றங்கரை:
பின்கட்டு அக்கா, பரணில் ஏறினேன். எச்சம், ஈச்சங்கொட்டை, நீங்கள் சொன்னபடியே. போட்டோவை அம்மாவிடம் காட்டினால், "மரநாய் இருந்தா பேய் இருக்கக் கூடாதா?" என்கிறார். விற்கிறவருக்கு சிங்கப்பூரில் ஓர் அக்கா இருப்பது இப்போதுதான் தெரிந்தது. அவர் கையெழுத்து போடுவாரா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். முன்பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.