அறுக்குளாவைச் சீலா என்கிறது மொடல்: எங்கே பிழை?

கேள்வி
இறுதியாண்டு புரொஜெக்ட். படத்தைப் பார்த்து மீன் அறுக்குளாவா சீலாவா என்று கணினி மொடல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இமேஜ்நெட் என்ற பெரிய படத் தொகுப்பில் பயிற்றப்பட்ட, படங்களை அடையாளம் காணும் ரெஸ்நெட்-50 மொடலை எடுத்து, கடைசி லேயரை (அடுக்கை) மட்டும் மாற்றிப் பயிற்றினேன். சீலாப் படங்கள் பேலியகொடை மீன் சந்தையில் ஐஸ் மேல் எடுத்தவை, அறுக்குளாப் படங்கள் வெள்ளவத்தை மார்க்கெட்டில் பலகை மேல் எடுத்தவை. வேலிடேஷனில், அதாவது பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கிய படங்களில், 97% சரியாக வருகிறது. ஆனால் வீட்டில் அறுக்குளாவை வெள்ளை டைல்ஸ் மேல் வைத்து எடுத்தால் சீலா என்று அடித்துச் சொல்கிறது. தயவுசெய்து உதவுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்
எபொக்கை, அதாவது எல்லாப் படங்களையும் காட்டிப் பயிற்றும் சுற்றுகளை, கூட்டிப் பாருங்கோ.

தெஹிவளை அண்ணா
எபொக்கைத் தொட வேண்டாம் தம்பி, இதே பிழையை இன்னும் உறுதியாகப் பழகும். உங்கள் மொடல் பார்ப்பது மீனை அல்ல, ஐஸை என்றுதான் நினைக்கிறேன், வெள்ளை டைல்ஸும் அதற்கு ஐஸ் மாதிரித் தெரிந்திருக்கும். 224×224 படம் உள்ளே போனால், முதல் லேயர்கள் விளிம்பையும் நிறமாற்றத்தையும் பிடிக்கும், மேலே போகப்போக அவை சேர்ந்து பெரிய வடிவங்களாகும், கடைசியில் படம் 7×7, அதாவது 49 கட்டங்களாகச் சுருங்கி நிற்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் 2048 எண்கள். அப்புறம் ரெஸ்நெட் அந்த 49 கட்டங்களுக்கும் சராசரி எடுத்துவிடும். மீன் எது, பின்னணி எது என்ற வேறுபாடு அங்கே கிடையாது. சீலா ஒடுங்கின நீள மீன், கொஞ்சக் கட்டங்களைத்தான் பிடிக்கும், மிச்சமெல்லாம் ஐஸ். ஐஸை வைத்தே சரியான விடை கிடைக்கும்போது அது ஏன் செட்டையைத் தேடப் போகிறது? வேலிடேஷன் படங்களும் அதே சந்தைகளில் எடுத்தவை, அதனால்தான் 97%. 2016இல் ரிபெய்ரோ என்ற ஆய்வாளரின் குழுவினர் வேண்டுமென்றே ஓநாய்களைப் பனியோடு மட்டும் காட்டிப் பயிற்றினார்கள், மொடல் பனியைப் பார்த்தே ஓநாய் என்றது. சீலாப் படத்தில் மீனைச் சாம்பல் நிறத்தால் மறைத்துக் கொடுத்துப் பாருங்கள், அப்போதும் சீலா என்றால் அது பார்ப்பது பின்னணியைத்தான்.

கேட்டவர்
மறைத்தேன் அண்ணா, அப்போதும் சீலாதான்! படங்களைச் சுழற்றிப் பெருக்கினால் சரியாகுமா?

தெஹிவளை அண்ணா
ஆகாது, ஐஸும் சேர்ந்துதானே சுழலும். அறுக்குளாவை ஐஸிலும் சீலாவைப் பலகையிலும் வைத்து எடுங்கள், வியாபாரியிடம் கேட்டால் விடுவார். இரண்டு மீனும் இருக்கிற வேறொரு சந்தையின் படங்களைச் சோதனைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள், பயிற்சியில் சேர்க்கவே கூடாது. பிறகு கிராட்-கேம் போட்டுப் பாருங்கள், மொடல் படத்தின் எந்தப் பகுதியைப் பார்த்து முடிவெடுத்தது என்று அது நிறத்தால் காட்டும். 49 கட்டங்களைப் பெரிதாக்கிக் காட்டுவதால் நிறம் பரவலாகத்தான் விழும், அது பரவாயில்லை, மீன் மேல் விழுந்தால் சரி. அறுக்குளாவுக்கு வால் பக்கம் வரிசையாகக் குட்டிச் செட்டைகள் உண்டு, சீலாவுக்கு அவை இல்லை. அதனால் வெட்டுவதற்கு முன், வாலோடு முழு மீனாக எடுங்கள்.