அல்சூர் வீட்டுச் சுவரில் வெளிமான் தலையும் புள்ளிமான் கொம்பும்: வைத்திருக்கலாமா, சென்னைக்கு எடுத்துப் போகலாமா?

அல்சூர்_ஏரிக்கரை:
வணக்கம். பெங்களூரு அல்சூரில் உள்ள பூர்வீக வீட்டை இடிக்கக் கொடுக்கிறோம். அப்பா காலமாகி ஒன்றரை மாதம் ஆகிறது. ஹாலில் தாத்தா காலத்து வெளிமான் தலை ஒன்றும், பலகையில் பதித்த புள்ளிமான் கொம்பு ஒரு ஜோடியும் இருக்கின்றன. இரண்டும் 1972-க்கு முன்பு லைசென்ஸோடு சுட்டவை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அண்ணன் சென்னைக்குக் கொண்டுபோக நினைக்கிறார். சித்தப்பாவோ, புள்ளிமான் கொம்பு 38 அங்குலம், ரெக்கார்டு சைஸ், இணையத்தில் டாலரில் விலை போகிறது என்கிறார். எது சரி?

வனச்சட்டம்_படிப்பவன்:
முதலில் விற்கும் பேச்சை நிறுத்துங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, சான்றிதழ் இருக்கும் பொருளைக்கூடக் காசுக்குக் கைமாற்றக் கூடாது. விலை கேட்டு ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் போட்டாலே அது விற்பனைக்கு முன்வைத்ததாகிவிடும்.

அடுத்து, இரண்டையும் ஒரே கணக்கில் பார்க்காதீர்கள். வெளிமான் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள பட்டியலில், உள்ள விலங்கு. அதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளர் கொடுத்த உரிமைச் சான்றிதழ் இருக்க வேண்டும். இருந்தால், வாரிசாகப் பெற்றவர் 90 நாளுக்குள் தன் பெயரில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் (40-ஆம் பிரிவு, 2பி). உங்களுக்கு அதில் பாதி நாள்தான் மிச்சம். பலரும் தவறவிடுவது இதைத்தான். தாத்தா பெயரில் காகிதம் இருக்கிறதே என்று அப்பா காலத்திலும் சும்மா இருந்துவிடுகிறார்கள். சான்றிதழே இல்லையென்றால் சிக்கல். அறிவிக்காமல் விட்டவர்களுக்கு 2003-இல் 180 நாள் அவகாசம் கிடைத்தது. கர்நாடக அரசு 2024 தொடக்கத்தில் ஒப்படைக்க மூன்று மாதம் கொடுத்தது. இரண்டும் முடிந்துபோன கதை.

புள்ளிமான் இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அந்த 90 நாள் விதி அதற்கு நேரடியாகப் பொருந்தாது. அதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. 57-ஆம் பிரிவுப்படி, வழக்கு என்று வந்தால் வைத்திருப்பவர்தான் முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டும். பெரியவர்கள் வாய்ச்சொல் அங்கே எடுபடாது. பழைய வேட்டை லைசென்ஸ், பதப்படுத்தியவரின் ரசீது, தேதி தெரியும் புகைப்படம், பலகையின் பின்னால் ஒட்டிய லேபிள் என எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். வேட்டைத் தலைகளைப் பதப்படுத்திய மைசூரு வான் இங்கன் நிறுவனத்தின் லேபிள் இருந்தால் காலத்தைக் கணிக்க உதவும். ஆனால் அந்தப் பெயரில் போலி லேபிளும் சுற்றுகிறது. அதை மட்டும் நம்பாதீர்கள்.

சென்னைக்கு எடுத்துப் போவதைப் பற்றி: சான்றிதழ் உள்ள பொருளை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் 30 நாளுக்குள் அங்குள்ள வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பேக்கர்ஸ்காரர் லாரியில் ஏற்றுவதற்கு முன் அனுமதி இருக்கிறதா என்று விசாரித்தாக வேண்டும் (48ஏ). சாமானோடு சாமானாகச் சுருட்டி அனுப்பினால் அவரும் மாட்டுவார்.

கொம்பு_அளவு:
சித்தப்பாவின் 38 அங்குலத்துக்கு வருகிறேன். புள்ளிமான் கொம்பு ஒரு மீட்டர் வரை வளரும். 38 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 97 சென்டிமீட்டர். நடக்காததல்ல, ஆனால் உச்சத்தை ஒட்டியது. எப்படி அளந்தார் என்று கேளுங்கள். அடிவளையத்தின் கீழ் விளிம்பில் தொடங்கி, வெளிவளைவை ஒட்டியே நுனிவரை, கால் அங்குல அகல எஃகு டேப்பால் அளக்க வேண்டும். தையல்காரர் துணி டேப் இழுபடும். பலகையிலிருந்தோ மண்டையோட்டிலிருந்தோ தொடங்கினால் சும்மாவே ஓரிரு அங்குலம் ஏறிவிடும்.

டாலர் விலை எங்கிருந்து வந்தது என்றும் புரிகிறது. புள்ளிமானை 1932-இல் டெக்சஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது வெளிநாட்டு இனம், வேட்டையாடலாம். அந்த விலைக்கும் அல்சூர்ச் சுவருக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் பெரிதும் மதிக்கப்படும் பூன் அண்ட் கிராக்கெட் என்ற கொம்புச் சாதனைப் பதிவேடும் வட அமெரிக்க விலங்குகளுக்கு மட்டும்தான்.

அந்தப் பதிவேட்டின் கறார்த்தனம் தெரிந்துகொள்ள வேண்டியது. வேட்டையாடியபின் 60 நாள் உலர்ந்த பிறகுதான் அளப்பார்கள், ஏனெனில் ஈரம் போனால் கொம்பு சுருங்கும். எட்டில் ஒரு அங்குலம் வரை கணக்கு. ஒரு அங்குலமாவது நீளமில்லாத கிளை கிளையே அல்ல. இடது வலது வித்தியாசம் கழிக்கப்படும். மண்டையோடு பிளந்திருந்தால் ஏற்கவே மாட்டார்கள். பிளந்ததை விரித்து ஒட்டி இரு கொம்புக்கும் இடையிலான உள் அகலத்தைக் கூட்டிக் காட்டலாம் அல்லவா? 1998-இல் மிச்சிகனில் உலக சாதனை என்று பேசப்பட்ட ஒரு மான் அந்தப் பதிவேட்டுக்கு வரவேயில்லை. அது நிஜமா என்ற சண்டை மட்டும் இன்றும் ஓயவில்லை.

கள்ளவேட்டைக்கு அங்கும் சலுகை இல்லை. ஒஹாயோவில் கள்ளமாகச் சுட்ட மானின் கொம்பு அளவுகளையெல்லாம் கூட்டிய மொத்தம் 125 அங்குலத்தைத் தாண்டினால், அதிலிருந்து 100 கழித்து, மீதியை அந்த மீதியாலேயே பெருக்கி, 1.65 டாலரால் பெருக்கி இழப்பீடு கணக்கிடுவார்கள். 200 அங்குலத்துக்கு 16,500 டாலர். 2023-இல் அனுமதியில்லாத நிலத்தில் சுட்ட ஒரு பெரிய மானுக்கு 35,000 டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தார்கள். பெரிய கொம்பு பெரிய தண்டனை. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அல்சூர்_ஏரிக்கரை:
மிக்க நன்றி. அலமாரியில் சான்றிதழ் கிடைத்தது. வெளிமான் தலை ஒன்று என்று மட்டும் இருக்கிறது, புள்ளிமான் பற்றி ஒரு வரியும் இல்லை. சித்தப்பா கொம்பைப் பலகையிலிருந்து அறுத்து எடுத்து, காட்டில் உதிர்ந்து கிடந்தது என்று சொல்லிவிடலாம் என்கிறார்.

கொம்பு_அளவு:
தயவுசெய்து ரம்பத்தைத் தொடாதீர்கள். தானாக உதிர்ந்த கொம்பின் அடி, வளையத்துக்குக் கீழே லேசாகப் புடைத்து, சொரசொரப்பாக இருக்கும். அறுத்தது தட்டையாக, ரம்பக் கோடுகளோடு இருக்கும். ரேஞ்சர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். கொம்போடு ஒட்டிய மண்டையோட்டுத் துண்டு உங்களுக்கு எதிரி என்று சித்தப்பா நினைக்கிறார். அதன் பழமையும் பழைய ஆணியும் பலகையும்தான் உங்கள் பக்கம் பேசக்கூடிய சாட்சி. தவிர, உதிர்ந்த கொம்பைக் காட்டிலிருந்து எடுத்து வருவதற்கும் அனுமதி கிடையாது. வெளிமானுக்கோ உதிரும் பேச்சே இல்லை. எலும்பு மேல் உறை போர்த்திய கொம்பு அது, ஆயுளுக்கும் விழாது.

இன்னொன்று: பழைய தலைகளைப் பதப்படுத்தும்போது ஆர்சனிக் சோப்பு தடவுவது வழக்கம். வெறும் கையால் தூசி தட்ட வேண்டாம், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக் கழற்றுங்கள்.

வனச்சட்டம்_படிப்பவன்:
சான்றிதழ் கிடைத்தது நல்லது. சான்றிதழ் நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, நான்கு பக்கமும் எடுத்த படம், அளவு எல்லாவற்றையும் சேர்த்து மல்லேஸ்வரம் 18-ஆவது கிராஸில் உள்ள வனத்துறைத் தலைமையகமான அரண்ய பவனில் எழுத்து மூலம் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்குங்கள். வைத்திருக்க விருப்பமில்லையென்றால் ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்படைக்கலாம் (42ஏ, 2022 திருத்தம்). பணம் எதுவும் தரமாட்டார்கள்.

புள்ளிமான் கொம்புக்கு வன உயிரின வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரை முதலில் பாருங்கள். அவர் வழியாகவே கடிதம் போகட்டும். கொம்பை எடுத்துக்கொள்ள வரும் வனத்துறையினர் மகஜர் (எடுத்த பொருள்களின் பட்டியல் பதிவு) எழுதுவார்கள்; பலகை, லேபிள், மண்டையோட்டுத் துண்டு எல்லாம் அதில் ஏறியிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இடிக்கும் கான்ட்ராக்டருக்குச் சாவி கொடுப்பதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.