பிள்ளைகள் விளையாடும் பொட்டல்: உயரமான சறுக்கு வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி: ஓய்வு டீச்சர், காரைக்குடி பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருணிக்குக் கிழக்கே ஒரு பொட்டல் சும்மா கிடக்கிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள், அங்கே குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் வைக்கச் சொல்லிப் பணம் அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடே காலம் கழித்தவள் என்பதால் ஊர்க்கூட்டத்தில் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

8 அடிச் சறுக்கு, தொங்கிக்கொண்டே போகிற கம்பி ஏணி, இரட்டை ஊஞ்சல், ஒரு ராட்டினம் என்று பட்டியல் போட்டேன். கூட்டத்தில் வாசித்ததுமே எதிர்ப்பு. பக்கத்து ஊர்ப் பூங்காவில் ஒரு பையன் சறுக்கின் உச்சியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான், அதுதான் எல்லார் மனதிலும் இருக்கிறது. "உயரமானது எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் 3 அடிச் சறுக்கு, ஆடுகிற வாத்து ரெண்டு, கீழே பேவர் பிளாக் போட்டுச் சுத்தமாக வைத்துவிடலாம்" என்கிறார்கள் பெரியவர்கள்.

அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 3 அடிச் சறுக்கில் ஐந்து வயதுக்கு மேல் எந்தப் பிள்ளையும் உட்கார்ந்து சறுக்குவதில்லை. தலைகீழாக வருவார்கள், நின்றுகொண்டு வருவார்கள், அதன் கூரைமேல் ஏறி அங்கிருந்து குதிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் இதைக் கண்ணாரப் பார்த்தவள் நான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் தேர்க்கொட்டகையின் இரும்புச் சட்டத்தில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி சாயங்காலம் வந்து தொங்குகிறாள். உள்ளங்கை வியர்வை போகச் செம்மண்ணில் தேய்த்துக்கொள்கிறாள். எம்பிப் பிடிக்கிறாள். ஒரு கையை மட்டும் எடுத்து அடுத்த சட்டத்தைத் தொடப் பார்க்கிறாள், எட்டவில்லை. உடனே கையை விடுவதில்லை. முதலில் கீழே பார்க்கிறாள், கால் ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்குகிறாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளுக்கு ஆடுகிற வாத்து வைத்தால் அவள் தேர்க்கொட்டகைக்கே திரும்பிப் போய்விடுவாள். அங்கே கீழே இருப்பது கருங்கல் தளம்.

கேட்க வேண்டியவை: எவ்வளவு உயரம் வரை வைக்கலாம்? கீழே என்ன போடுவது? எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் பழைய பர்மாத் தேக்கு ஊஞ்சல் பலகை ஒன்று சும்மா கிடக்கிறது, அதைப் பொட்டலில் போடலாமா?

பதில்: வெல்டிங் பட்டறை, காரைக்குடி

ஆச்சி, வணக்கம். பள்ளிக்கூடங்களுக்குச் சறுக்கும் ஊஞ்சலும் செய்து கொடுக்கிறவன் நான். கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அந்தப் பலகையைத் தயவுசெய்து பொட்டலில் போடாதீர்கள். வீட்டுக்குள் அதில் பெரியவர்கள் உட்கார்ந்து மெல்ல ஆடுவார்கள். வெளியில் ஒரு பையன் ஆடிவிட்டுக் குதிப்பான், ஆளில்லாத பலகை வேகமாகத் திரும்பி வரும். அப்போது குறுக்கே ஓடி வருகிற மூணு வயதுப் பிள்ளையின் நெற்றி சரியாக அந்த விளிம்பின் உயரத்தில் இருக்கும். அந்தத் தேக்கின் கனம் உங்களுக்கே தெரியும். இரும்புப் பலகையும் கூடாது. வளைந்து கொடுக்கிற ரப்பர் பட்டை இருக்கை போதும்.

ஒரு சட்டத்துக்கு இரண்டு ஊஞ்சலுக்கு மேல் மாட்டவேண்டாம். மூன்றாவது இருந்தால் நடு ஊஞ்சலுக்குப் போகிறவர்கள் ஆடுகிறவர்களுக்கு இடையில் நுழைவார்கள். மேல் கம்பி 8 அடியில் இருந்தால் முன்னால் 16 அடி, பின்னால் 16 அடி காலி இடம் விடுங்கள். சங்கிலி மாட்டுகிற கொக்கியின் வாயைச் சுத்தியலால் அடித்து மூடச் சொல்லுங்கள். ஏடிஎம் கார்டு நுழைகிற அளவு இடைவெளி இருந்தாலும் பாவாடை நாடா, துப்பட்டா எல்லாம் அதில் மாட்டும்.

அடுத்தது நிறையப் பேர் கவனிக்காத விஷயம், கம்பிகளுக்கு இடையிலுள்ள சந்து. 9 சென்டிமீட்டருக்கும் 23 சென்டிமீட்டருக்கும் இடைப்பட்ட சந்து எங்கேயுமே இருக்கக்கூடாது. சின்னப் பிள்ளை காலை முதலில் விட்டு நுழையும். உடம்பு போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும், கால் தரையில் எட்டாது. ஒன்று 9க்குக் கீழே, இல்லாவிட்டால் 23க்கு மேலே. கைப்பிடியில் பூவேலையும் கூர்முனையும் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. வீட்டு கேட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும், பிள்ளைகள் ஏறுகிற இடத்தில் வேண்டாம். மேல்பக்கம் விரிந்து கீழே குறுகுகிற வடிவமும் வேண்டாம், கழுத்து போய் இறுகும்.

சறுக்கின் சரிவு 30 டிகிரிக்கு மேல் போகவேண்டாம். 6 அடி உயரத்துக்குத் தரையில் பத்தரை அடி நீளம் ஓடும். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது செங்குத்தாகச் செய்து தந்தால் வாங்காதீர்கள். சறுக்கின் கால்களை ஊன்றுகிற கான்கிரீட் மணலுக்குள் புதைந்திருக்கவேண்டும், வெளியே துருத்தக்கூடாது.

பதில்: தேவகோட்டை அம்மா

எனக்கு ஆறு வயதுப் பையன். விழுந்து எழுந்தால்தான் பழகும் என்று எல்லாரும் சுலபமாகச் சொல்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு எலும்பு டாக்டரைத் தேடிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நாங்கள்தான். பெரிய பிள்ளைகள் தள்ளிவிடுவார்கள், பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. ஊரார் பணத்தில் வைக்கிற சாமானில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? டீச்சர் யோசித்துச் செய்யுங்கள்.

பதில்: சிங்கப்பூரிலிருந்து, சொந்த ஊர் கோட்டையூர்

ஆச்சி, இங்கே விளையாட்டுச் சாமான்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. தேவகோட்டை அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முதலில் தரையைப் பாருங்கள் என்கிறேன். விளையாட்டு இடத்துக் காயங்களில் பெரும்பாலானவை விழுவதால் வருகின்றன. விழுந்த பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதில் உயரத்தின் பங்கு பாதி என்றால், மீதி எதன்மேல் விழுந்தது என்பதில் இருக்கிறது. பேவர் பிளாக் மேல் 3 அடியிலிருந்து தலைகுப்புற விழுந்தாலும் மூளைக்கு ஆபத்துதான். பக்கத்து ஊர்ச் சறுக்குக்குக் கீழே என்ன போட்டிருந்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

ஐரோப்பாவில் 1998இல் வந்த ஈ.என். 1176 என்ற தரவிதி விழக்கூடிய உயரத்துக்கு 3 மீட்டர் வரை இடம் தருகிறது. உங்கள் 8 அடி இரண்டரை மீட்டர்கூட வராது. ஆனால் 3 மீட்டர் வரை போகவேண்டுமானால் கீழே 30 சென்டிமீட்டர் மணல் வேண்டும், கால் பட்டுச் சிதறுவதை ஈடுகட்ட இன்னும் 10 சேர்த்துப் போடச் சொல்கிறது. நம் ஊர்ச் செம்மண்ணை நம்பவேண்டாம். ஒரு மழை பெய்து காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். பாறையை உடைத்துச் செய்கிற எம்-சாண்டும் சரிப்படாது: துகள் கோணல்மாணலாக இருக்கும், தூளும் சேர்ந்திருக்கும், நாளடைவில் கெட்டித்துப்போகும். கழுவிய, உருண்டைத் துகளுள்ள மணல்தான் வேண்டும். வாங்குமுன் ஒரு கைப்பிடியை நனைத்து உருட்டி வெயிலில் வையுங்கள். காய்ந்த பிறகு தொட்டதும் உதிர்ந்தால் எடுக்கலாம். உருண்டை அப்படியே நின்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். மரத்தூள், மரச்சிராய் என்று சிலர் சொல்வார்கள். வெளிநாட்டில் போடுகிறார்கள்தான், நம் பக்கம் கறையான் விடாது.

ரப்பர் தளத்தைப் பற்றியும் கேட்பார்கள். இங்கே பெரும்பாலான இடங்களில் மணல் போய் ரப்பர்தான் வந்துவிட்டது. 1979இல் தோ பாயோவில் கட்டிய டிராகன் விளையாட்டிடம் போன்ற சில இடங்களில் இன்னும் மணல் இருக்கிறது, பிள்ளைகள் அதைத் தோண்டுவதற்கென்றே போகிறார்கள். ரப்பர் நல்லதுதான். ஆனால் விலை அதிகம், சித்திரை வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாது. நம் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தானே விளையாடுவார்கள்.

வெயில் என்றதும் ஒன்று. சறுக்கை வடக்குப் பார்த்து வை, சூடாகாது என்று வெளிநாட்டுக் கையேடுகளில் இருக்கும். அது அவர்கள் ஊருக்குச் சரி. காரைக்குடி 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி முன்பாதி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு உச்சிக்கும் சற்று வடக்கே நிற்கும். கத்திரி வெயிலில் வடக்குப் பார்த்த தகரச் சறுக்கு இன்னும் மோசமாகச் சுடும். திசையை விட்டுவிட்டு நிழலைப் பாருங்கள். பொட்டலில் வேம்போ புங்கையோ இருந்தால் அதன் பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் இந்த ஐப்பசியிலேயே நட்டுவிடுங்கள்.

கடைசியாக ஊருணி. சறுக்கைவிட எனக்குப் பயம் அதில்தான். சறுக்கின் உயரம் பிள்ளைக்குக் கண்ணில் தெரிகிறது, பயந்து பிடித்துக்கொள்ளும். தண்ணீரின் ஆழமும் பாசிப்படியும் தெரியாது. ஊருணிப் பக்கம் பிள்ளை ஏற முடியாத தடுப்பு போட்ட பிறகுதான் முதல் குழியே தோண்டவேண்டும்.

பதில்: குழந்தைகள் பிசியோ, மதுரை

காரைக்குடி எனக்குப் பிறந்த வீடு, அதனால் எழுதுகிறேன். தேவகோட்டை அம்மாவுக்கு: முறிந்த மணிக்கட்டோடு வருகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதே என் தொழில். வலியைச் சின்னதாகச் சொல்லமாட்டேன். ஆனால் ஏறவும் தொங்கவும் விடாமல் வளர்ந்த பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். தோளில் வலு இல்லை, படியில் இறங்கப் பயம், தடுக்கினால் கையை ஊன்றக்கூடத் தெரியாது.

நார்வேயின் எல்லன் சாண்ட்செட்டர் என்ற ஆய்வாளர் 2007இல் பிள்ளைகள் தாமாகத் தேடிப்போகும் துணிச்சல் விளையாட்டுகளை ஆறாக வகுத்தார்: உயரம், வேகம், கத்தி சுத்தியல் போன்ற கருவிகள், தண்ணீர் நெருப்பின் பக்கம் போவது, கட்டிப்புரள்வது, பெரியவர் கண்ணுக்கு மறைந்து தனியே சுற்றுவது. 2024இல் கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கமும் இப்படிப்பட்ட விளையாட்டு உடம்புக்கும் மனதுக்கும் தேவை என்று அறிக்கை விட்டது. அதே அறிக்கை, பிள்ளை தானே பார்த்துத் தீர்மானிக்கக்கூடிய ஆபத்தையும், பிள்ளையால் கண்டுகொள்ளவே முடியாத ஆபத்தையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. ஆச்சி சொன்ன பெண் கீழே பார்த்துவிட்டு இறங்குகிறாளே, அது முதல் வகை. இற்றுப்போன சங்கிலியும் தலை மாட்டுகிற சந்தும் இரண்டாவது வகை. அதைத் தீர்ப்பது நம் வேலை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். குழந்தையின் பாதம் சறுக்கின் ஓரத்தில் உரசி நின்றுவிடும். நம் உடம்பின் கனம் கீழே இழுக்கும். அந்த வேகத்தில் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறியும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களிடம் இது நிறைய நடக்கிறது. தனியாகச் சறுக்க வராத குழந்தைக்கு அந்தச் சறுக்கில் ஏற இன்னும் வயதாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபதில்: ஓய்வு டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. தேக்குப் பலகை வீட்டிலேயே இருக்கட்டும். சிங்கப்பூர்த் தம்பி எழுதியதை அச்செடுத்துக் கூட்டத்தில் வாசித்தேன். பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பி விசாரித்தால், அந்தச் சறுக்குக்குக் கீழே இருந்தது பேவர் பிளாக்தான். அதைக் கேட்டபிறகு பெரியவர்கள் பேச்சு மாறியது.

இப்போதைக்கு முடிவு இது: சறுக்கு 6 அடி. தொங்குகிற கம்பி ஏணி கண்டிப்பாக உண்டு, அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனியாகச் சின்னச் சறுக்கு, நடுவில் செம்பருத்தி வேலி. ராட்டினத்துக்கு இன்னும் சம்மதம் வரவில்லை, அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பேன். தேவகோட்டை அம்மா கேட்டதுக்கு: சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை வரை ஊரில் வீட்டுக்கு ஒருவர் முறைவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொள்வது என்று பேசியிருக்கிறோம். மாதம் ஒருமுறை சங்கிலி, கொக்கி, திருகாணி எல்லாம் தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். நோட்டு என்னிடம் இருக்கும். ஊருணித் தடுப்பு வேலை வெள்ளிக்கிழமை ஆரம்பம்.

பட்டறைத் தம்பி, சறுக்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடி விட்டால் 25 அடிக்கு 16 அடி வருகிறது. ஒன்றேகால் அடி ஆழம் என்றால் 500 கன அடி, அதாவது 5 யூனிட் மணல். கம்பி ஏணிக்கும் ஊஞ்சலுக்கும் தனிக்கணக்கு. இவ்வளவு கழுவிய மணல் நம் பக்கம் முறையான ரசீதோடு எங்கே கிடைக்கும், அந்த இடம் தெரிந்தால் சொல்லுங்கள். கம்பி ஏணியின் முதல் கம்பிக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு இடைவெளி விடப்போகிறீர்கள் என்பதையும் வெல்டிங் வைப்பதற்கு முன்னால் எனக்குச் சொல்லவேண்டும். அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், கை எட்டுகிறதா என்று அளந்து பார்த்துக்கொள்ளலாம்.