பதினைந்து வருடக் கறுப்பு வண்டி: மெருகு திரும்புமா, பெயிண்ட்தான் அடிக்க வேண்டுமா?

அடையாறுவாசி:
என்னிடம் இருப்பது 2009ஆம் ஆண்டில் வாங்கிய கறுப்பு ஹோண்டா சிட்டி. பெசன்ட் நகர் அடுக்ககத்தில் கூரையில்லாத இடத்தில்தான் இத்தனை வருடங்களாக நிற்கிறது. என்ஜினில் குறை ஒன்றுமில்லை. ஆனால் வண்டியின் நிறத்தைக் கறுப்பு என்று சொல்ல இப்போது வாய் வரவில்லை. பானெட், சாக்பீஸ் எழுத்தைக் கையால் அழித்த கரும்பலகையைப் போல வெளுத்திருக்கிறது. கதவுகளில் பளபளப்பு ஓரளவு மிஞ்சியிருந்தாலும், மாலை வெயில் சாய்வாக விழும்போது சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலையைப் போல வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிகின்றன. போர் தண்ணீரில் கழுவுவதால் வந்த வெள்ளைப் புள்ளிகளும் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கடையில் ரப்பிங் போட்டுப் பாலிஷ் செய்தார்கள். மூன்று வாரம் கண்ணாடியைப் போல இருந்தது, பிறகு கோடுகள் அத்தனையும் திரும்பிவிட்டன. இப்போது இன்னொரு பட்டறையில், முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மெருகு:
நீங்கள் பார்ப்பவை உண்மையில் வட்டக் கீறல்கள் அல்ல. பரப்பு முழுவதும் எல்லாத் திசைகளிலும் ஆயிரக்கணக்கான மெல்லிய நேர்க்கீறல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால், விளக்கைச் சுற்றி வளையம் போட்டதைப் போலக் கண்ணுக்குத் தோன்றுகிறது. கைபேசியின் டார்ச்சைக் கதவின் மேல் நகர்த்திப் பாருங்கள், வளையமும் கூடவே நகரும். வெள்ளை வண்டியிலும் இதே கீறல்கள் இருக்கும், கண்ணில் படாது. கறுப்பு எதையும் மறைக்காது.

மூன்று வாரத்தில் கோடுகள் திரும்பியதற்குக் காரணம், அன்று கீறல்கள் நீக்கப்படவில்லை என்பதே. பல பாலிஷ்களில் எண்ணெயும் நிரப்பும் பொருளும் கலந்திருக்கும். அவை கீறலுக்குள் அமர்ந்து அதை மறைக்கும், நாலைந்து முறை கழுவியதும் வெளியேறிவிடும். அதனால் யாரிடம் வேலை கொடுத்தாலும், முடிந்தவுடன் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஓர் இடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் போன பிறகு தெரிவதுதான் உண்மையான பரப்பு.

பெயிண்ட் அடிப்பதா என்று முடிவு செய்யும் முன் ஒரு சோதனை. வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷைத் தொட்டு, பானெட்டிலும் கதவிலும் தனித்தனியாகத் தேய்த்து, துணியில் கறுப்பு ஏறுகிறதா என்று பாருங்கள். நிறத்தின் மேல் நிறமற்ற கிளியர் கோட் இருந்தால் துணி கறுக்காது. கூரையையும் உற்றுப் பாருங்கள். எங்காவது தோல் உரிந்ததைப் போல வெள்ளை விளிம்போடு திட்டு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

பட்டறைக்காரன்:
இருபது வருடங்களாக டிங்கரிங், பெயிண்ட் வேலை செய்பவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. தொழிற்சாலைப் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது நாம் எழுதும் தாளின் கனம். அதில் கிளியர் கோட் 40 மைக்ரான் அளவில் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது அந்தப் பூச்சுதான். ஒவ்வொரு ரப்பிங்கும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவழிக்கிறது. மைக்ரான் மீட்டர் வைத்திருப்பவரிடம் அளந்து பார்க்காமல் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட யாரையும் அனுமதிக்காதீர்கள். கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்புக்கோடு ஆகிய இடங்களில் பெயிண்ட் மெலிந்திருக்கும். வேகமாகச் சுழலும் பஃபிங் மெஷினை அங்கே இரண்டு விநாடி கூடுதலாக வைத்தால் அடிப்பூச்சு வெளியே வந்துவிடும். எங்கள் தொழிலையும் ஒரேயடியாகக் குறை சொல்லக்கூடாது: முழு வண்டியையும் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தரச் சொன்னால், கம்பளி பஃபும் எண்ணெய்ப் பாலிஷும் தவிர வேறு எதைத்தான் போடுவது?

அடையாறுவாசி:
இருவருக்கும் நன்றி. கதவில் தேய்த்த துணி வெள்ளையாகவே இருந்தது. பானெட்டில் தேய்த்தது அடுப்புக்கரியைத் துடைத்ததைப் போலக் கறுத்துவிட்டது. கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு, நகத்தால் கிள்ளினால் செதிலாக வருகிறது. 2014இல் முன்பக்கம் இடிபட்டு, பானெட்டுக்கு மட்டும் ஒரு வெளிப் பட்டறையில் பெயிண்ட் அடித்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

மெருகு:
அப்படியானால் உங்கள் வண்டியை மூன்று வண்டிகளாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கூரையில் கிளியர் கோட் செத்துவிட்டது. உரியத் தொடங்கியதை எந்தப் பாலிஷும் ஒட்டவைக்காது. அங்கே பெயிண்ட் அடிப்பதுதான் வழி, ஆனால் கூரைக்கு மட்டும் போதும்.

பானெட்டில் கிளியர் இல்லாத ஒற்றைப் பூச்சு அடித்திருக்கிறார்கள். துணியில் ஏறியது வெயிலில் பொடியாகிப்போன மேல்தோல். நல்ல செய்தி என்னவென்றால், அந்தத் தோலை எடுத்தால் கீழே இருக்கும் கறுப்பு அப்படியே மேலே வரும். உங்கள் வண்டியிலேயே அதிக மாற்றம் தெரியப்போவது இங்கேதான். முதலில் கையாலேயே மென்மையான பாலிஷைப் போட்டுப் பாருங்கள்.

கதவுகளுக்குத்தான் பொறுமை தேவை. நிழலில், உலோகம் கைக்குச் சில்லென்று இருக்கும்போது கழுவி, கிளே பாரால் (பிசைந்த களிமண்ணைப் போன்ற கட்டி) தேய்த்து, ஒட்டிய துகள்களை எடுத்துவிடுங்கள். வெள்ளைப் புள்ளிகளுக்குச் சம அளவு தண்ணீர் கலந்த வினிகர் ஒரு நிமிடம் போதும், உடனே கழுவிவிட வேண்டும். அதற்கும் போகாதவை பூச்சை அரித்து இறங்கியவை, பாலிஷுக்குக் காத்திருக்கட்டும். பிறகு, சுழன்றுகொண்டே அலையும் டூயல் ஆக்ஷன் மெஷினில் ஸ்பாஞ்ச் பேட் மாட்டி, ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தில் மட்டும் மிக மென்மையான பாலிஷில் தொடங்குங்கள். திருப்தி இல்லையென்றால்தான் ஒரு படி கடினமான காம்பவுண்டுக்குப் போக வேண்டும். ஆழமான கீறல்களை விட்டுவிடுங்கள்; பதினைந்து வயது வண்டியில் நூற்றுக்கு எண்பது போனால் போதும், மீதி இருபதை விரட்டினால் கிளியர் கோட்டும் கூடவே போய்விடும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு மாஸ்க்கிங் டேப் ஒட்ட மறக்காதீர்கள். பாலிஷ் காய்ந்த வெள்ளைக் கறை அந்தப் பாகங்களிலிருந்து எளிதில் போகாது.

கடைசியாக ஒரு கேள்வி: தினமும் வண்டியைத் துடைப்பது யார்?

அடையாறுவாசி:
சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். எங்கள் காவலாளி அண்ணன்தான், ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பனியன் துணி, ஆறு வண்டிகள். என்னுடையது ஆறாவது.

பட்டறைக்காரன்:
முந்தைய ஐந்து வண்டிகளின் மண்ணும் அந்தத் துணியில்தான் இருக்கிறது, ஐயா. கடற்கரை ஓரம் என்பதால் மணலுக்கும் பஞ்சமில்லை. வாரம் ஒரு முறை முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கி, ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி என்று கழுவினால், செய்த மெருகு நிற்கும். செராமிக் கோட்டிங் போட்டால் கீறல் விழாது என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். தண்ணீர் வழுக்கிப்போகும், அழுக்கு ஒட்டுவது குறையும், மண் துணியால் தேய்த்தால் அதுவும் கீறும்.

அடையாறுவாசி:
ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் பக்கத்துக் கதவு ஒன்றை மட்டும் முடித்தேன், மூன்று மணி நேரம் ஆனது. ஆல்கஹாலில் துடைத்த பிறகும் எதிர் வீட்டு வேப்பமரம் இலை இலையாகத் தெரிகிறது. இன்னும் தொடாத அடுத்த கதவில் பச்சையாக ஏதோ இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிகிறது. பானெட் அடுத்த வாரம், கூரை பொங்கலுக்குப் பிறகு. காவலாளி அண்ணனிடம் மாதச் சம்பளம் குறையாது, கண்ணாடிகளை மட்டும் துடைத்தால் போதும் என்றேன். வேலையில் என்ன குறை கண்டேன் என்று முதலில் வருத்தப்பட்டார். முடித்த கதவில் டார்ச் அடித்துக் காட்டிய பிறகு, தம் துணியை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு அலசப் போனார்.